உல்லேன்

ஒன்று, என்கிறார் குணவதி அம்மா. உள்ளேன் அம்மா, என்று முதல் பெஞ்சிலிருந்து பதில் போகிறது. இரண்டு. உள்ளேன் அம்மா. மூன்றுக்கு ஒரு இருமல், பிறகு உள்ளேன். இன்னும் முப்பத்து நான்கு எண்கள் தாண்டினால் மிருதுளாவின் எண், முப்பத்தேழு. என்னுடையது ஐம்பத்தெட்டு. மிருதுளா வரமாட்டாள். ராயப்பேட்டையில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் மதியக் காட்சிக்கு நிற்கிறாள். லிஃப்ட் கண்ணாடியில் ஐந்து முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் படம் சற்றுமுன் என் போனுக்கு வந்தது, கீழே, விஜி செல்லம், தமிழ் ஹவர் மட்டும் பாத்துக்கோ, இதுதான்டி கடைசி, சத்தியமா. உடம்பு அங்கே. குரல் இங்கே, என் அடிநாக்கில், முழுங்க முடியாத மாத்திரைபோல. நான்கு. ஐந்து. குணவதி அம்மா தலையைத் தூக்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அதிலிருந்து கரும்பச்சைக் கண்ணாடி, பதிவேடு மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். அதற்கு முன்னாலும் தூக்கியதில்லை. எனக்குக் குரல் போதும், அறுபத்து நாலு பேரையும் இருட்டுல கண்டுபிடிப்பேன், என்பார். எண்களைத் தமிழில்தான் கூப்பிடுவார், உள்ளேன் அம்மா என்றுதான் பதில் வர வேண்டும், பிரசன்ட் மேம் என்றவள் அந்த மணி முழுக்க வராண்டாவில் நிற்பாள். வந்தவளுக்கு நீலப் பேனா, வராதவளுக்குச் சிவப்பு. இன்று இந்தப் பருவத்தின் அறுபதாவது வகுப்பு, கடைசி வகுப்பு. நாற்பத்தைந்து வகுப்பு வந்திருக்க வேண்டும். மிருதுளாவுக்கு நாற்பத்து நான்கு, அந்த நாற்பத்து நான்கில் பத்தொன்பது நான். குறைந்தவர்களின் பட்டியலை நாளை ஒட்டுவார்கள், லேக் லிஸ்ட். அதில் பெயர் வந்தவள் கல்லூரிக்காக எந்த மேடையிலும் ஏற முடியாது. வெள்ளிக்கிழமை மேடையிலும். ஆகவே இருபதாவதை நான் தரப்போவதில்லை. காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். மொட்டைக் கடிதம் வேண்டாம், சண்டை வேண்டாம், யாரிடமும் ஒரு வார்த்தை வேண்டாம். ஒரே ஒரு எண்ணுக்குச் சும்மா இருந்தால் போதும். ஆறு. உள்ளேன் அம்மா. சும்மா இருப்பதைப்போலச் சுலபமானது எது.

மிருதுளாவால் உள்ளேன் என்று சொல்ல முடியாது. உல்லேன் என்பாள். முதல் பருவத்திலிருந்து இது தினம் நடக்கும் நாடகம். முப்பத்தேழு. உல்லேம்மா. நாக்கை மடி மிருதுளா, உன் பேர்லயே ள இருக்கு, அதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா. நாளைக்கு மடிக்கிறேம்மா. வகுப்பு சிரிக்கும், குணவதி அம்மாவும் உதட்டைச் சுழிப்பார், சந்தோஷம்தான். ஆகவே அவளுக்காகக் குரல் கொடுப்பவள் ஒரு சொல்லோடு தப்ப முடியாது, நாடகம் முழுவதையும் நடிக்க வேண்டும். எங்கள் கூட்டத்துத் தர்ஷினி ஒருமுறை முயன்று ஆட்டுக்குட்டிபோலக் கத்தி மாட்டிக்கொண்டாள். எனக்குத்தான் வந்தது. விடுதிக் குளியலறையில் வாளிக்குள் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பழகினேன். நாக்கை மடிக்காமல், மேலண்ணத்துக்குப் போக விடாமல், முன்பல்லுக்குப் பின்னால் தட்டையாக வைத்து உல்லேன், உல்லேன். எங்கள் மார்த்தாண்டத்தில் ள-வை யாரும் கற்றுக்கொள்வதில்லை, அது பாட்டுக்கு வரும், தண்ணீர் வருவதுபோல. தண்ணீர். பார், ஊரில் வெள்ளம் என்போம், இப்போது நினைப்பில்கூடத் தண்ணீர் என்றுதான் வருகிறது. பதினொன்று. உள்ளேன் அம்மா. சேர்ந்த அன்று கேன்டீனில் கேட்டேன், அண்ணே, வெள்ளம் உண்டா? கல்லாவில் இருந்தவர் கூரையைப் பார்த்தார். வெள்ளமா, மழையே இல்லியேம்மா, டிசம்பர்ல வா, கழுத்து வரைக்கும் தரேன். வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற ஒருத்தி தன் பாட்டிலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இந்தா, குடி வெள்ளம். அவள்தான் மிருதுளா, ஆதம்பாக்கம், வாய் நிறையச் சிரிப்பு. அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது, வெள்ளம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும், கூப்பிட ஒரு பெயர் கிடைத்ததே என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். பதினான்கு. உள்ளேன் அம்மா, என்கிறாள் என் பக்கத்தில் தர்ஷினி, மிருதுளா கூட்டத்தில் என்னை விட்டால் இன்று வெளியே போகாதவள் இவள் ஒருத்திதான், இவளுக்கே வருகை இழுபறி. சொல்லிவிட்டு என் தொடையைத் தட்டுகிறாள், தயாரா என்பதுபோல. தலையாட்டுகிறேன். தலையும் பொய் சொல்கிறது.

சென்னையை எனக்குக் காட்டியது அவள். புதனும் சனியும் விடுதியில் ஆறு மணி வரை வெளியே விடுவார்கள், உள்ளூரில் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்து வேண்டும். எனக்கு அத்தை என்று சொல்லி மிருதுளாவின் அம்மா போட்டார்கள். பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகளில் தோடு பார்த்துப் பார்த்து எதுவும் வாங்காமல் நடந்தோம், மின்சார ரயிலில் கதவோரம் நின்று கோடம்பாக்கத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை முடியைக் காற்றுக்குக் கொடுத்தோம், யார் பிறந்தநாளுக்கோ எல்லோரும் ஒரே நிறத்தில் நகச்சாயம் பூசிக்கொண்டோம். அவள் எனக்குப் பேச்சும் சொல்லிக்கொடுத்தாள். அண்ணே இல்லை, அண்ணா. வெள்ளம் இல்லை, தண்ணி. வாக்கிய முடிவில் ஆக்கும் வேண்டவே வேண்டாம். நீ பேசறது பாட்டு மாதிரி இருக்குடி, ஆனா ஆட்டோக்காரன்கிட்டப் பாடாத, மீட்டர் போட மாட்டான். ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மெரினாவில் ஒன்று, தியாகராய நகரில் ஒன்று. போனில் அம்மா, ஒனக்க பேச்சு மாறிப்போச்சே மக்ளே, என்றாள், நான் சிரித்தேன். பத்தொன்பது. பத்தொன்பதுக்கு யாரும் இல்லை. பத்தொன்பது வரலையா, சரி. சிவப்புப் பேனா காகிதத்தில் கிழிக்கும் சத்தம் இங்கே வரை கேட்கிறது, எவ்வளவு சின்னச் சத்தம், எவ்வளவு போதுமானது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் மாங்காய் வாங்கப் போயிருந்தார்கள், காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும். அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார், கல்யாண வீடு, கோயில் கொடை, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் அப்பா கட்டும் குழாய் ஒலிபெருக்கிதான். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு ஆபரேஷன், வெள்ளம் குடுக்கப்படாது கேட்டியா, என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள், அம்மா மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். இச்சிரி வெள்ளம் தா மக்ளே, என்றார் அப்பா, ஒரு மடக்குத்தான் கேட்டார். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்த மனுஷனுக்கு அவ்வளவுதான் குரல் இருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். இச்சிரி வெள்ளம் தா மக்ளே. மூன்று தடவை. கொடுக்கவில்லை, சொன்னபடி கேட்டேன், நான் எப்போதும் சொன்னபடி கேட்கிற பிள்ளை. பத்து மணிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு அவர் பேசாமலே போய்விட்டார். இதைச் சொன்னபோது மிருதுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள்கூட. இருபத்து மூன்று. உள்ளேன் அம்மா. அழுதாள்தான், நான் பார்த்தேன், மூக்கு சிவந்திருந்தது. அழுதுகொண்டே அவள் காது என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

கலைவிழாவில் தனிநபர் நகைச்சுவை, மூன்று நிமிடம். மூன்றாவது வரிசையில் நான், இரண்டு பக்கமும் எங்கள் கூட்டம். ஊரிலிருந்து பட்டணத்துக்கு வந்த பெண் ஒருத்தியாக மிருதுளா மேடைக்கு வந்தாள், தாவணியை ஏற்றிச் செருகிக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் ஆக்கும் போட்டு. நான் படிக்க வந்தவளாக்கும். இது பஸ்ஸாக்கும். அரங்கம் குலுங்கியது, எனக்கும் சிரிப்பு வந்தது, அதுவரை அது நான், நான் எனக்குப் பரவாயில்லை. அப்புறம் அந்தப் பெண் பஸ்ஸில் மயங்கி விழுகிறாள், கண்டக்டர் மடியில் தலை வைத்து, கையைத் தூக்கி, குரலை இறக்கி, இச்சிரி வெள்ளம் தா மக்ளே. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இன்னும் மெல்லிசாக. அச்சு அசல். அப்பாவின் குரலை நான் எப்படிச் சொல்லிக் காட்டினேனோ அப்படி, அதிலிருந்த காற்றுகூட விட்டுப்போகாமல். இரண்டாவது தடவைக்கே கைதட்டல் தொடங்கிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை, என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது, என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும். முதல் பரிசு. கோப்பையை என் கையில் திணித்துப் படம் எடுத்துக்கொண்டாள், உன்னாலதான்டி வெள்ளம். மெதுவாகக் கேட்டேன், அது அப்பா சொன்னதில்லையா மிருது. அவள் ஒரு கணம் நின்றாள், நின்றாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, ஐயோ, அது உங்க அப்பான்னு யாருக்குடி தெரியும், என்றாள். யாருக்குத் தெரியும். இரண்டே சொல். அந்த வீடியோ எல்லோரிடமும் இருக்கிறது. கேன்டீனில் சாம்பார் வாளியை நகர்த்தச் சொல்வதற்குக்கூட இச்சிரி தா மக்ளே என்கிறார்கள், முகம் தெரியாத முதலாம் ஆண்டுப் பெண்கள், யாருக்குத் தெரியும். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இப்போது வெள்ளிக்கிழமை நகரத்துக் கல்லூரிகள் எல்லாம் சேரும் இறுதிச் சுற்று, மூவாயிரம் பேர், ஏழு நிமிடம். போன வாரம் நூலகப் படியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏழு நிமிஷம்டி, அந்த வெள்ளம் பிட்டை இழுக்கணும். உங்க அப்பா வேற என்னெல்லாம் சொல்வாரு, ரெண்டு லைன் குடேன். இதை ஒருத்தி கேட்கலாம். கேட்டுவிட்டாள், போகட்டும். நான் கொடுத்தேன். மைக்கைச் சோதிக்கும்போது அப்பா சொல்வது, அலோ அலோ, அங்க கேக்கா, கொளத்துக்க அந்தப் பக்கம் கேக்கா. கொடுத்துவிட்டு எழுந்துபோய் விடுதிக் குளியலறையில் வாளிக்குள் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், இந்த முறை பழகுவதற்கில்லை.

முப்பத்து நான்கு. உள்ளேன் அம்மா. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகின்றன. முப்பத்தைந்து. மடியில் போன் அதிர்கிறது, பார்க்கவில்லை. முப்பத்தாறு. உள்ளேன் அம்மா. நாக்கே, படுத்துக் கிட. முப்பத்தேழு. மேலே மின்விசிறியில் எதுவோ தட்டிக்கொண்டிருக்கிறது, இவ்வளவு நாள் கேட்டதில்லை. முப்பத்தேழு, மறுபடி. தர்ஷினியின் முழங்கை என் விலாவில். ஏய் வெள்ளம், தூங்கிட்டியா, சொல்லுடி. பற்களைக் கடித்துக்கொள்கிறேன். மிருதுளா வரலையா, கடைசி நாள்கூடவா, என்று குணவதி அம்மா பதிவேட்டிடம் கேட்கிறார், நாக்கை மடிக்கச் சொல்ல ஆள் இல்லாத வருத்தம்போல அது எனக்குக் கேட்கிறது. தர்ஷினி வாயைத் திறக்கிறாள், ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்து மூடிக்கொள்கிறாள். பேனா மூடி திறக்கும் டிக். கிழிப்பு. முடிந்தது. அவ்வளவுதான். முப்பத்தெட்டு. உள்ளேன் அம்மா. அவ செத்தாடி, என்கிறாள் தர்ஷினி பல்லிடுக்கில், உனக்கு என்ன ஆச்சு? தொண்டை கட்டிடுச்சு, என்று காட்டுகிறேன், கழுத்தைத் தொட்டு. நம்பவில்லை. நம்ப வேண்டாம். தர்ஷினி சொல்வாள், மிருதுளா கேட்பாள், கேட்கட்டும், தொண்டை கட்டியது, வெள்ளம் குடிக்கவில்லை, யாருக்குத் தெரியும்.

நாற்பது. நாற்பத்தொன்று. இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பனங்கற்கண்டு கரைவதுபோல எண் ஒவ்வொன்றும் கரைகிறது. நாளை காலை அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம், மிருதுளா எட்டிப் பார்ப்பாள், முதலில் சிரிப்பாள், யாரோ வேறு மிருதுளா என்பதுபோல. நான் பக்கத்தில் நிற்பேன். தோளில் கை வைப்பேன். பெசன்ட் நகரில் அவள் என் கையைப் பிடித்த அதே அழுத்தத்தில் பிடிப்பேன், அழக்கூடச் செய்வேன், மூக்கு சிவக்கும் வரை. வெள்ளிக்கிழமை அந்த ஏழு நிமிடத்தில் வேறு ஏதோ கல்லூரிப் பெண் வேறு யாருடைய அப்பாவையோ சொல்லிச் சிரிக்க வைப்பாள், என் அப்பா வீட்டில் இருப்பார். நாற்பத்தாறு. உள்ளேன் அம்மா. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசஞ்சாதத்தோடு இரண்டு பஸ் மாறி வந்தவள் அவள்தான். சனிக்கிழமை டப்பாவில் அவள் அம்மா எனக்கென்று தனியாக நார்த்தங்காய் வைப்பார்கள். அதெல்லாம் ஏன் இப்போது வருகிறது. நல்லதையெல்லாம் செய்துவிட்டுத்தான் இதையும் செய்தாள். நார்த்தங்காய்க்கு அப்பா பதிலா? ஐம்பது. பலகை முன்னால் அவள் என்ன சொல்வாள் என்று யோசிக்கிறேன், யோசிக்கவே வேண்டாம், அது என் வாயிலேயே இருக்கிறது. போச்சுடி விஜி, எல்லாம் போச்சு. அந்தப் போச்சு-வில் ஒரு கீறல் வரும், எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஹவர்டி. கொஞ்சம் மூக்கால். உன்ன நம்பித்தானடி போனேன். உதட்டை மூடிக்கொண்டு உள்ளே சொல்லிப் பார்க்கிறேன், சரியாக வருகிறது, இன்னும் ஒரு தடவை, ஐம்பத்து நான்கு, இப்போது இன்னும் சரியாக, நாக்கு தட்டையாக முன்பல்லுக்குப் பின்னால் கிடக்கிறது, எங்க அம்மாகிட்ட என்னடி சொல்வேன், அவள் அழுவதை அவளைவிட நன்றாக அழுகிறேன், பத்தொன்பது முறை பழகியது, ஐம்பத்தேழு, உள்ளேன் அம்மா, அழு, இன்னும் அழு, ஐம்பத்தெட்டு.

உல்லேம்மா.

மின்விசிறி தட்டிக்கொண்டிருக்கிறது. தர்ஷினி என்னைப் பார்க்கிறாள். முன்வரிசைகளில் இரண்டு தலைகள் திரும்புகின்றன. குணவதி அம்மாவின் பேனா அந்தரத்தில் நிற்கிறது, பிறகு அவர் உதடு சுழிகிறது, எனக்கு அது தெரியும், அது சந்தோஷம். ஏன்டிம்மா மிருதுளா, முப்பத்தேழைக் கூப்பிட்டப்ப எங்க போயிருந்த? உன் நம்பரே உனக்கு மறந்துடுச்சா? கடைசி நாள்லயாவது நாக்கை மடிச்சிருக்கலாம். பக்கத்தைத் திருப்புகிறார். நீலப் பேனாவை எடுக்கிறார். சிவப்பின் மேல் நீலம் ஓடுகிறது, ஒரு முறை, அழுத்தி இன்னொரு முறை. நான் எழுந்து நிற்கிறேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாக நிற்கிறது. சொல்லிவிடலாம். பத்தொன்பதையும் சொல்லிவிடலாம், என் பெயரும் பட்டியலில் ஏறட்டும், இரண்டு பேரையும் முதல்வரிடம் அனுப்பட்டும், வெள்ளிக்கிழமை நடக்காமல் போனால் போதும். அம்மா, என்கிறேன். குரல் எங்கிருந்தோ வருகிறது, மெரினாவில் போட்டதும் தியாகராய நகரில் போட்டதும் எல்லாம் சேர்ந்து, இரண்டு வருடம் இந்த அறையில் நான் ஒருநாளும் பேசாத பேச்சு. அம்மா, அது நானாக்கும். நான் விஜிலாவாக்கும். மிருதுளா இங்க வரேல. நான் ஒருத்திதான் உள்ளேன். ள நாக்கு மடிந்து மேலண்ணத்தில் போய் உட்கார்ந்து இறங்கியது, எனக்கே கேட்டது, அவ்வளவு சுத்தமாக.

மீதித் தலைகளும் திரும்பின. பிறகு குணவதி அம்மா சிரித்தார். பதிவேடு அவர் மூக்குக்கு முன்னால் குலுங்கியது, பச்சைக் கண்ணாடியைக் கழற்றாமலே அதன் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். போதும் மிருதுளா, உட்காரு. அன்னிக்கு ஆடிட்டோரியத்துலயும் இப்படித்தான் வயிறு வலிக்க வச்ச. அந்தப் பொண்ணோட ள-வைக்கூட விடலையே நீ, அவ மாதிரி பேசினா மட்டும் நாக்கு மடியுதாக்கும்? ஆக்கும் என்றதும் அறை முழுக்க வெடித்தது, பெஞ்சுகள் தட்டப்பட்டன, பின்னாலிருந்து யாரோ குரலை இறக்கி, இச்சிரி வெள்ளம் தா மக்ளே, என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு மிச்சம் வைம்மா, என்றார் குணவதி அம்மா, நானும் வர்றேன் பாக்க. ஐம்பத்தெட்டு. விஜிலா. எங்க அந்தப் பொண்ணு? நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் எந்தக் குரல் வந்தாலும் அது மிருதுளாதான். தர்ஷினி என் சுடிதாரின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள், இழுத்துக்கொண்டே, தெளிவாக, ஆட்டுக்குட்டி இல்லாத தன் சொந்தக் குரலில் சொன்னாள். விஜிலா வரலைம்மா.

வரலையா. ஒருநாளும் தவறாத பொண்ணாச்சே.

பேனா மூடி திறக்கும் டிக். கிழிப்பு. ஐம்பத்தொன்பது.

உள்ளேன் அம்மா.